மேகத்தில் ஒரு கணக்குப் புத்தகம்!

நள்ளிரவு தாண்டிவிட்டது. ஊர் தூங்கிக்கொண்டு இருந்தது.

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி. பிரான்சு நாட்டில், ரைன் நதிக்கரையில் உள்ள ஸ்டிராஸ்பர்க் நகரம்.

நதிக்கரையில் ஒரு 5 மாடிக் கட்டிடம். திடீர் என்று அதில் இருந்து புகை கிளம்பியது. சிறிது நேரத்தில் கட்டிடம் முழுவதும் நெருப்பு பற்றிக்கொண்டது.

தீ அணைக்கும் படையினர் சுமார் 100 பேர் ஓடி வந்தார்கள். நதியில் ஒரு படகைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் இருந்தும் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். பொழுது விடிந்தபோது அந்தக் கட்டிடம் வெறும் கூடாக நின்றது.

யாருக்கும் காயம் இல்லை. ஆனால், அன்று காலையில் ஐரோப்பா முழுவதும் எத்தனையோ பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்காரர்களுக்குக் கணக்கைக் காணோம். கம்பெனிகளுக்குக் கடிதங்களைக் காணோம். லட்சக்கணக்கான இணையதளங்கள் இருண்டு போயின.

அந்தக் கட்டிடத்தில் எரிந்தது என்ன?

"மேகம்"! ஆம், மேகம்தான் எரிந்து போயிற்று!

மேகம் என்றால் என்ன?

"கணக்கு எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்று இன்று பலரும் சொல்கிறார்கள். கிளவுட் என்றால் மேகம். அதைக் கேட்கிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

மேகம் என்பது பூமியில்தான் இருக்கிறது. அது ஒரு பெரிய கட்டிடம். உள்ளே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு இருக்கும். இரவு பகலாக ஓடும். அவை சூடாகாமல் இருக்கக் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்றால் உடனே ஜெனரேட்டர் ஓடும்.

கல்யாணத்துக்கு 500 பேருக்குச் சமைக்க வேண்டும். அதற்காக யாரும் அண்டாவும் குண்டாவும் விலைக்கு வாங்குவது இல்லை. பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டரையும் அப்படி வாடகைக்கு எடுப்பதுதான் மேகம்!

அமெரிக்காவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய கம்பெனி, அமேசான். அது 2006-ம் ஆண்டில் தன்னுடைய கம்ப்யூட்டர்களை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2009-ம் ஆண்டு அக்டோபரில், கணக்குகளை வைத்துக் காக்கும் "டேட்டாபேசை"யும் வாடகைக்கு விட்டது. மைக்ரோசாப்ட், கூகிள் கம்பெனிகளும் இந்தத் தொழிலில் இறங்கின.

போர் விமானி கண்ட வழி

டேட்டாபேஸ் என்பது என்ன? அதைத் தகவல் பெட்டகம் என்று சொல்லலாம்.

மளிகைக் கடையில் பேரேடு இருக்கும். அதில் கட்டம் போட்டு இருப்பார்கள். ஒரு வரிசையில் பெயர், ஒன்றில் தேதி, ஒன்றில் தொகை. டேட்டாபேசும் அதுதான். ஆனால், 10 லட்சம் வரி இருந்தாலும், கேட்ட வரியைக் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடும்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் எட்கர் காட் என்பவர். இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார்.

அவர் 1970-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். "தகவல்களை எல்லாம் கட்டம் போட்ட அட்டவணைகளாக வையுங்கள். அவை எங்கே, எப்படி அடுக்கப்பட்டு இருக்கின்றன என்ற கவலை கேட்கிறவருக்கு வேண்டாம். என்ன வேண்டும் என்று மட்டும் அவர் கேட்கட்டும்" என்பதே அதன் சாரம். அதற்காக 1981-ம் ஆண்டில் அவருக்கு டூரிங் பரிசு கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் துறையில் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

இன்று உலகத்தில் உள்ள வங்கிகள், ரெயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கின்றன.

மகள்களின் பெயர்கள்!

பெட்டகங்களில் பல வகை உண்டு. இரண்டு வகைகள் மிகவும் பிரபலம். இரண்டையும் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

ஒன்றின் பெயர், "மை எஸ்.க்யூ.எல்." இதை உருவாக்கியவர்களில் ஒருவர் பின்லாந்துக்காரரான மைக்கேல் விடேனியஸ். அவருடைய மூத்த மகளின் பெயர் "மை". அந்தப் பெயரைத்தான் இதற்கு வைத்தார். பிறகு 2009-ம் ஆண்டில் இதே மாதிரி இன்னொன்றைத் தொடங்கினார். அதற்கு இளைய மகளின் பெயர். "மரியா டி.பி." என்பது அது!

மற்றொன்று "போஸ்ட்கிரஸ்". இது அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் 1986-ம் ஆண்டில் இந்த வேலையைத் தொடங்கினார்.

இரண்டு கடை, ஒரு கணக்கு

மதுரையில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு கடை. ஒன்று மதுரையில், இன்னொன்று திண்டுக்கல்லில்.

ஒரு கடையில் சர்க்கரை தீர்ந்து போகிறது. இன்னொரு கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியவில்லை. இரவு 10 மணிக்கு டெலிபோனில் கணக்குக் கேட்டு எழுதுவதற்குள் விடிந்துவிடுகிறது.

அவருக்கு ஒரு மகள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

"அப்பா! இரண்டு கடைக் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் பார்க்கலாம்" என்கிறாள்.

"எந்த இடத்தில், தாயி?"

"மேகத்தில்!"

"மழை பெய்தால் நனையாதா?" என்று அப்பா சிரிக்கிறார். ஆனாலும், "செய்து பார்" என்கிறார்.

மகள் என்ன செய்ய வேண்டும்? இதோ, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை: கணக்குத் திறப்பது

வங்கியில் கணக்குத் திறப்பது போல, மேகக் கம்பெனியிலும் கணக்குத் திறக்க வேண்டும். மின் அஞ்சல் முகவரி வேண்டும். வாடகை எடுத்துக்கொள்ள வங்கி அட்டையின் எண் வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. அதாவது ரகசியச் சொல். அது போதாது. பாஸ்வேர்டு கொடுத்த பிறகு, செல்போனில் வரும் எண்ணையும் கொடுத்தால்தான் திறக்கும்படி செய்துவிட வேண்டும். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவது மாதிரி. ஒரு சாவி திருட்டுப் போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

"மாதம் இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் எனக்குச் சொல்" என்று கம்பெனியிடம் முதல் நாளே எழுதி வைக்கலாம். அந்த வசதி உண்டு. பலர் இதைச் செய்வது இல்லை. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து மயங்கி விழுகிறார்கள்!

இரண்டாவது வேலை: ஊரைத் தேர்ந்து எடுப்பது

"பெட்டகம் எந்த ஊரில் இருக்க வேண்டும்?" என்று கம்பெனி கேட்கும். உலகத்தில் பல ஊர்களின் பெயரைக் காட்டும். அமேசானுக்கு 2016-ம் ஆண்டில் இருந்து மும்பையிலும், 2022-ம் ஆண்டில் இருந்து ஐதராபாத்திலும் கட்டிடங்கள் இருக்கின்றன. மைக்ரோசாப்ட் 2015-ம் ஆண்டிலேயே சென்னையிலும் திறந்தது.

எந்த ஊராக இருந்தால் என்ன? வெளிச்சம் போகும் வேகத்தில்தானே தகவல் போகிறது?

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் போகும். மதுரையில் இருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை சுமார் 14 ஆயிரம் கிலோ மீட்டர். போய்த் திரும்ப 28 ஆயிரம். ஒரு கேள்விக்குப் பதில் வர, 7-ல் ஒரு பங்கு வினாடி ஆகிவிடும். கேபிள் சுற்றி வளைத்துப் போவதால், உண்மையில் இன்னும் அதிகம் ஆகும்.

அது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால், ஒரு பில் போடுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாக 20 கேள்வி கேட்க வேண்டியிருக்கும். 3 வினாடி போய்விடும். கடையில் கூட்டம் நெரியும்போது அது பெரிய தொல்லை.

மும்பை சுமார் 1,200 கிலோ மீட்டர்தான். ஆகவே மகள் மும்பையைத் தேர்ந்து எடுக்கிறாள்.

மூன்றாவது வேலை: அளவு

பெட்டகம் போஸ்ட்கிரஸ் வகையாக இருக்கட்டும் என்று முடிவு செய்கிறாள். அடுத்து, எவ்வளவு பெரியது?

"பெரியதாகவே எடுத்துவிடு" என்கிறார் அப்பா. அது தப்பு. சிறியதாகத் தொடங்கி, தேவைப்பட்டால் பெரியதாக்கிக் கொள்ளலாம். அதுதான் வாடகையில் உள்ள நன்மை. இரண்டு மளிகைக் கடைக்கு, இருப்பதிலேயே சின்னது போதும்.

வாடகை, ஓடுகிற நேரத்துக்கு ஏற்ப ஏறும். "சோதித்துப் பார்த்துவிட்டு நிறுத்தி வைக்கிறேன்" என்று சிலர் நிறுத்துவார்கள். அமேசானில் அப்படி நிறுத்தி வைத்தால் 7 நாட்கள்தான் நிற்கும். அதற்குப் பிறகு தானாகவே ஓடத் தொடங்கிவிடும். நின்றிருக்கும்போதும் இடத்துக்கு வாடகை உண்டு. வேண்டாம் என்றால், நகல் எடுத்துக்கொண்டு, அடியோடு நீக்கிவிட வேண்டும்.

நான்காவது வேலை: வாசல் கதவு

இதுதான் முக்கியமான வேலை. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

மேகத்தில் உள்ள பெட்டகத்துக்கு ஒரு காவல்காரன் உண்டு. "பயர்வால்" என்று பெயர். எந்த முகவரியில் இருந்து வருகிறவரை உள்ளே விடலாம் என்ற பட்டியல் அவன் கையில் இருக்கும். பட்டியலில் இல்லாதவர் கதவைத் தட்டினால் வாயே திறக்கமாட்டான்.

இணையத்தில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. மகள் தன் வீட்டு முகவரியை மட்டும் பட்டியலில் எழுதுகிறாள். அட்டவணைகளை உருவாக்கி முடிக்கும் வரையில் அது போதும். வேலை முடிந்ததும் அதையும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, கடையின் பில் போடும் புரோகிராம் ஓடுகிற கம்ப்யூட்டரை மட்டும் அனுமதித்தால் போதும். அந்தக் கம்ப்யூட்டரையும் அதே மேகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கடைச் சிப்பந்தி கல்லாவில் கை வைப்பது இல்லை அல்லவா? காசாளரிடம் சொல்கிறார், காசாளர் எடுத்துக் கொடுக்கிறார். அந்த மாதிரி.

"இந்த முகவரித் தொல்லையே வேண்டாம், எல்லோரையும் விடு" என்று சிலர் 0.0.0.0/0 என்று எழுதிவிடுவார்கள். அதற்கு அர்த்தம், உலகத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் கதவு வரை வரலாம் என்பது!

அப்படி விட்டால் என்ன நடக்கும்? நடந்ததைக் கேளுங்கள்.

ஒரே மாதத்தில் பல்லாயிரம் பெட்டகங்கள்!

2017-ம் ஆண்டு ஜனவரி மாதம். "மாங்கோ டி.பி." என்ற வகைப் பெட்டகத்தைப் பலர் பயன்படுத்தி வந்தார்கள். அவர்களில் பலர் பாஸ்வேர்டே போடவில்லை. கதவும் உலகத்துக்குத் திறந்து கிடந்தது.

திருடர்கள் வந்தார்கள். ஆள் வரவில்லை, அவர்களுடைய புரோகிராம் வந்தது. அது இணையத்தில் உள்ள முகவரிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்தது. திறந்து கிடந்த பெட்டகங்களுக்குள் நுழைந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்து எடுத்தது. ஒரு சீட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனது.

"உன் தகவல் திரும்ப வேண்டுமானால் பிட்காயினில் பணம் அனுப்பு" என்று அந்தச் சீட்டில் இருந்தது!

பல்லாயிரக்கணக்கான பெட்டகங்கள் இப்படிப் பறிபோயின. பணம் கட்டியவர்களிலும் பலருக்குத் தகவல் திரும்பி வரவில்லை. ஒரு திருடன் வைத்த சீட்டை எடுத்துவிட்டு, இன்னொரு திருடன் தன் சீட்டை வைத்த வேடிக்கையும் நடந்தது.

பெட்டகத்தின் பூட்டில் குறை இல்லை. பூட்டாமல் போனதுதான் குறை.

ஐந்து விவரங்கள்

இப்போது மகள் பொத்தானை அமுக்குகிறாள். சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மும்பையில் பெட்டகம் தயார் ஆகிறது.

அதைத் திறக்க ஐந்து விவரங்கள் தேவை.

1. முகவரி: கம்பெனி கொடுக்கும் நீளமான பெயர்.

2. கதவு எண்: போஸ்ட்கிரசுக்கு வழக்கமாக 5432. மை எஸ்.க்யூ.எல்.லுக்கு 3306.

3. பெட்டகத்தின் பெயர்.

4. திறப்பவரின் பெயர்.

5. பாஸ்வேர்டு.

"பி.ஜி. அட்மின்" என்ற புரோகிராமை மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து இருக்கிறாள். அதற்குக் காசு இல்லை. ஐந்தையும் அதில் எழுதுகிறாள்.

இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். தபால் அட்டையில் எழுதினால் வழியில் உள்ளவர்கள் எல்லாம் படிப்பார்கள். உறையில் போட்டு ஒட்டினால் படிக்க முடியாது. இணையத்தில் அந்த உறைக்கு "எஸ்.எஸ்.எல்." என்று பெயர். அது இல்லாமல் பெட்டகத்தோடு பேசக்கூடாது.

திறக்கவில்லையா?

முதல் தடவையே திறந்துவிட்டால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் திறக்காது! பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கவனித்தால், எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம்.

"அப்படி ஒரு முகவரி இல்லை" என்று வந்தால், முகவரியில் எழுத்துப் பிழை.

வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நேரம் கடந்துவிட்டது" என்று சொன்னால், காவல்காரன் விடவில்லை. பட்டியலைத் திருத்த வேண்டும்.

உடனேயே "மறுக்கப்பட்டது" என்று வந்தால், வீடு சரி, கதவு எண் தவறாக இருக்கலாம். அல்லது பெட்டகம் ஓடவில்லை.

"பாஸ்வேர்டு சரி இல்லை" என்று வந்தால், அது நல்ல செய்தி! கதவு வரை போய்விட்டோம், சாவிதான் தப்பு என்று அர்த்தம்.

நேற்றுத் திறந்தது, இன்று திறக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும். இரவில் மோடத்தை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், புது முகவரி வந்துவிடலாம். காவல்காரனுக்கு அது தெரியாது.

பெட்டகத்தோடு பேசும் மொழி

பெட்டகம் திறந்துவிட்டது. இனி அதனோடு "எஸ்.க்யூ.எல்." என்ற மொழியில் பேச வேண்டும். 1970-களில் ஐ.பி.எம். கம்பெனியில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இரண்டு பேர் உருவாக்கிய மொழி அது.

முக்கியமான சொற்கள் நான்கு. "செலக்ட்" என்றால் எடுத்துக் காட்டு. "இன்சர்ட்" என்றால் புதிதாக எழுது. "அப்டேட்" என்றால் திருத்து. "டெலிட்" என்றால் அழி.

அழி என்று சொல்லும்போது, எந்த வரியை என்றும் சொல்ல வேண்டும். அதற்கு "வேர்" என்ற சொல் இருக்கிறது. அதை மறந்துவிட்டால், அட்டவணையில் உள்ள அத்தனை வரிகளும் போய்விடும்!

ஆகவே, கடையின் புரோகிராமுக்குத் தலைமைச் சாவியைக் கொடுக்கக்கூடாது. அதற்கு என்று தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வேண்டும். பில் எழுதலாம், இருப்பைப் பார்க்கலாம், அட்டவணையை நீக்க முடியாது என்று அதிகாரத்தைக் குறைத்துவிட வேண்டும். பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைப்பதும் ஆபத்து. அந்தப் புரோகிராமை நாலு பேருக்குக் காட்டினால் சாவியும் போய்விடும்.

தூக்கக் கலக்கத்தில் ஒரு பொத்தான்

இவ்வளவு செய்தாலும் மனிதன் மனிதன்தான். கை தவறும்.

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு. "கிட்லேப்" என்ற கம்பெனி. உலகம் எங்கும் உள்ள புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைத்திருக்கும் இடம் அது. அங்கே வேலை செய்யும் ஒரு என்ஜினீயர், இரவு நெடுநேரம் கண் விழித்து ஒரு கோளாறைச் சரி செய்துகொண்டு இருந்தார்.

அவர் எதிரில் இரண்டு போஸ்ட்கிரஸ் பெட்டகங்கள். ஒன்று அசல், மற்றொன்று அதைப் பார்த்து எழுதும் பிரதி. பிரதியை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம் என்று நினைத்தார். அழிக்கும்படி உத்தரவு கொடுத்தார்.

ஓரிரு வினாடியில் அவருக்கு உதறல் எடுத்தது. அவர் அழித்தது பிரதியை அல்ல. அசலை!

உடனே நிறுத்தினார். 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது வெறும் 4.5 ஜிகாபைட்.

"பரவாயில்லை, தினமும் நகல் எடுக்கிறோமே" என்று நகலைத் தேடினார்கள். நகல் வைக்கும் இடம் காலி! நகல் எடுக்கும் புரோகிராம் பழையது, பெட்டகம் புதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நாளும் நகல் எடுக்க முடியாமல் தோற்றுப் போய் இருக்கிறது. "தோற்றுவிட்டேன்" என்று அது அனுப்பிய கடிதங்களும் போய்ச் சேரவில்லை. யாரும் திறந்து பார்க்கவும் இல்லை.

அதிர்ஷ்டம் ஒன்று இருந்தது. அந்த என்ஜினீயரே, விபத்துக்கு 6 மணி நேரத்துக்கு முன்பு, வேறு வேலைக்காக ஒரு நகல் எடுத்து இருந்தார். அதுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. ஆனால், அந்த 6 மணி நேரத்தில் எழுதப்பட்டவை போனது போனதுதான். சுமார் 5 ஆயிரம் வேலைகளின் விவரங்கள், 5 ஆயிரம் குறிப்புகள், 700 புதிய உறுப்பினர்களின் பெயர்கள் அழிந்தன.

கம்பெனி எதையும் மறைக்கவில்லை. நடந்ததை எல்லாம் உலகத்துக்கு எழுதி வெளியிட்டது. தவறு செய்தவரின் பெயரை மட்டும் வெளியிடவில்லை. அவர் மீது பழியைப் போடவும் இல்லை.

நகல் வேறு, இரட்டை வேறு

மகள் கவனிக்க வேண்டிய கடைசி வேலை இதுதான்.

மேகக் கம்பெனிகள் இரட்டைப் பெட்டகம் தருகின்றன. பக்கத்தில் இன்னொரு கட்டிடத்தில் அதே மாதிரி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பெட்டகம் படுத்துவிட்டால், ஓரிரு நிமிடத்தில் இரண்டாவது எழுந்து நிற்கும். ஆனால், இது நகல் அல்ல. முதல் பெட்டகத்தில் ஒரு வரியை அழித்தால், இரண்டாவதிலும் அதே நொடியில் அழிந்துவிடும்.

நகல் என்பது, நேற்று இருந்த நிலைமையைப் படம் பிடித்து வைப்பது. அமேசானில் தானாக எடுக்கும் நகல்களை 35 நாட்கள் வரை வைத்துக்கொள்ளலாம். "செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு எப்படி இருந்ததோ, அப்படியே கொடு" என்று கேட்டால் கொடுக்கும். ஆனால் பழைய பெட்டகத்தை மாற்றாது. புதிதாக ஒன்றைச் செய்து, புது முகவரியோடு கொடுக்கும். கடையின் புரோகிராமில் அந்தப் புது முகவரியை எழுத வேண்டும்.

"தெரியாமல் நீக்கிவிடாதபடி தடை" என்று ஒரு வசதி இருக்கிறது. அதையும் போட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாதம் ஒரு முறை நகலைத் திறந்து பார்ப்பது. திறந்து பார்க்காத நகல், தண்ணீர் வருகிறதா என்று பார்க்காத தீயணைப்புக் குழாய் மாதிரி.

மீண்டும் ஸ்டிராஸ்பர்க்

ரைன் நதிக்கரையில் எரிந்த கட்டிடம், "ஓ.வி.எச். கிளவுட்" என்ற பிரெஞ்சுக் கம்பெனியைச் சேர்ந்தது. அன்று இரவே அதன் நிறுவனர் ஆக்டேவ் கிளாபா வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு செய்தி வெளியிட்டார். "ஆபத்துக் காலத்துக்கு என்று நீங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள்" என்பது அந்தச் செய்தி.

அப்படி ஓர் ஏற்பாடு வைத்திருந்தவர்கள், வேறு ஊரில் இருந்த நகலை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

மற்றவர்கள்? "ரஸ்ட்" என்ற விளையாட்டை நடத்தும் கம்பெனியின் 25 கம்ப்யூட்டர்கள் எரிந்து போயின. அவற்றில் இருந்தது எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. வேறு சிலரோ நகலுக்கு என்று தனியாகக் காசு கட்டி இருந்தார்கள். அந்த நகலும் எரிந்த இடத்திலேயே இருந்ததாகப் பிறகு தெரிந்தது! அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குப் போடலாம். எரிந்த கணக்கை எந்தக் கோர்ட்டு எழுதிக் கொடுக்கும்?

மதுரை அப்பாவுக்கு மகள் இதை எல்லாம் சொல்லி முடிக்கிறாள்.

அப்பா சிறிது நேரம் யோசிக்கிறார். "உன் தாத்தா இரவில் கடையைச் சாத்தும்போது, பேரேட்டைக் கடையில் வைக்கமாட்டார், தாயி. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கடை எரிந்தாலும் கணக்கு மிஞ்ச வேண்டும் என்பார்" என்கிறார்.

"அதேதான் அப்பா! பெட்டகம் மும்பையில். ஒரு நகல் ஐதராபாத்தில். இன்னொரு நகல், வாரம் ஒரு முறை நம் வீட்டுப் பீரோவில்!"

அப்பா தலையை ஆட்டுகிறார். பிறகு கேட்கிறார்:

"சரி, அந்தப் பீரோ சாவியை எங்கே வைப்பாய்?"